தெருமுனை விளக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நம் தெருமுனை விளக்கின் கீழ் நீ ஒரு நாள்கூடப் படித்ததில்லை. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், அம்மாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நின்று நின்று கால் வீங்குகிறது, மாத்திரை போடுகிறாள். அங்கே குளிர் அதிகம் என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு போ. போனில் இதையெல்லாம் பேசலாம், ஆனால் விஷயத்துக்கு வந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. மெசேஜ் போடலாமென்றால் வீட்டில் இருக்கும் ஒரே போனை உன் தங்கையும் பார்ப்பாள். அதனால்தான் தபால்.

நீ படித்த, இப்போது தங்கை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நீ அனுப்பிய வீடியோவைப் பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்கும் போட்டார்கள். நல்ல சட்டை போட்டிருந்தாய். வாட்ச்மேன் மகன் நான், தெருவிளக்கில் படித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தேன், வறுமை என்பது ஒரு சாக்கு என்று சொன்னாய். எல்லோரும் கைதட்டினார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள், நானும் தட்டினேன். நீ படித்தது டியூஷன் சென்டரில். நான் அங்கே வாட்ச்மேன் என்பதால் டியூஷன் சார் உன்னைக் கடைசி பெஞ்சில் ஓசியில் உட்காரவிட்டார். பையன்கள் அந்த மூலைக்கு வாட்ச்மேன் சீட் என்று பேர் வைத்தார்கள், நீ அழுதுகொண்டு வந்தாய், உன் அம்மா, பேரா உக்காரப் போகுது, நீ போய் உக்காருடா என்று துரத்தினாள். டியூப்லைட், ஃபேன், சந்தேகம் கேட்டால் சொல்லித்தர வாத்தியார்கள். மூளை உன்னுடையதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடம் என் வேலையோடு வந்தது. சார் பெரிய கட்டடத்துக்குப் போனதும் செக்யூரிட்டி கம்பெனி ஆட்களை வைத்துக்கொண்டார், என் வேலை போனது, கூடவே அந்த சீட்டும் போனது.

உன் தங்கைக்கு என்ன மிச்சம் என்று உனக்குத் தெரியாது, இதெல்லாம் நீ போன பிறகு நடந்தது. நான் இப்போது சிமெண்ட் கிடங்கில் இரவுக் காவல், பகலில் தூங்குகிறேன். அம்மா விடிவதற்குள் கிளம்ப வேண்டும், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுகிறாள். இருப்பது ஒரே அறை. எந்நேரமும் நானோ அம்மாவோ தூங்குகிறோம், எந்நேரமும் லைட் அணைந்திருக்கிறது. உன் தங்கை தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு, பாத்ரூம் லைட்டைப் போட்டுக் கதவை ஒருக்களித்து, அந்த வெளிச்சத்தில் குந்திப் படிப்பாள். மாடியில் இருப்பவர்களுக்கும் அதே பாத்ரூம்தான், அவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கை இப்படித்தான் படித்தாள், காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயிலாகிவிட்டாள். வகுப்பு டீச்சர் எல்லோர் முன்னாலும், உங்க அண்ணனும் அதே தெருவுலதானே படிச்சான், அவனுக்கு எரிஞ்ச லைட்டு உனக்கு மட்டும் எரியாதா என்று கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது இவள் புத்தகத்தோடு தெருமுனைக் கம்பத்தடியில் நிற்கிறாள். அந்த விளக்கு நாம் குடிவந்த நாளிலிருந்து எரிந்ததில்லை, அதில் காக்கைதான் கூடு கட்டும், உனக்கே தெரியும். மளிகைக் கடைக்காரர், என்னம்மா, கரண்டு ஆபீஸ்ல வேலை கெடச்சிடுச்சா என்று கேலி செய்கிறார். இவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ படித்த காலத்தில் இவள் சின்னக் குழந்தை, நினைவிருக்காது, அண்ணன் படிச்சப்ப இது எரிஞ்சுதாப்பா என்று என்னிடம் கேட்டாள். எரிஞ்சுதும்மா என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பொய்யனாக்க வாய் வரவில்லை. அப்போ எனக்குத்தான் மண்டையில ஏறலை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு பாத்ரூம் பக்கம் உட்காருவதும் இல்லை.

இப்போது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பள்ளியின் பேரில் இவள் பொதுத்தேர்வு எழுதினால் தேர்ச்சி சதவீதம் இறங்கிவிடும், பேரை எடுத்துவிட்டுத் தனித்தேர்வராக எழுதட்டும், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். பேரை எடுத்தால் இவள் எழுதவே மாட்டாள், அம்மா வேலை செய்யும் சலவைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறாள். நான் வீட்டு நிலைமையைச் சொன்னேன். தலைமையாசிரியை சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைக் காட்டி, இவரும் உங்க வீட்டுப் பிள்ளைதானே என்றார். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். பணம் கேட்டு இதை எழுதவில்லை, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் எடுபடும், அவ்வளவுதான்.

நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள் அம்மா, என் வேண்டுதலும் அதுதான். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பல் வலி இருந்ததே, போய்க் காட்டினாயா.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. விளக்கு விஷயத்தைப் போன மாதமும் எழுதியிருந்தேன். கடிதம் கிடைத்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மறுபடி முழுவதும் எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று சொல். பிறகு உன் தங்கையைக் கூப்பிடு. அந்த விளக்கு எரிந்ததா என்று அவளிடம் நீயே சொல்.