கல்லடியிலிருந்து வந்த தோணிகள்

அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது உன் சுண்டு கைக்கு வந்தது. அரிசி அளக்கிற அந்தப் பழைய பால்பேணித் தகரத்துக்குள்தான் நாம் பகடை குலுக்கினோம். துரு மணம் அப்படியே இருக்கிறது. பகடைகளும் உள்ளேதான் கிடக்கின்றன.

உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்களாக நம்மை வைத்து, மேசையைச் சுற்றியிருந்து ஆடும் அந்தக் கதை விளையாட்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவன் நீ. விதிப்புத்தகத்தில் ஆளுக்கு இத்தனை டின் உணவு, இத்தனை லீற்றர் பெற்றோல் என்று இருந்தது. "இதில சோறு எங்க மச்சான் இரிக்கு?" என்று நீயே சிரித்தாய். கதையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு நம் ஊரை வைத்துக் கணித்தேன். உன்னிச்சைக் குளம் உடையாதிருந்தால் எந்த வயல்வட்டை வரைக்கும் தண்ணீர் பாயும், உழவு இயந்திரம் ஓடாதபோது எருமையால் எவ்வளவு உழலாம், விளைந்ததில் விதைநெல்லை ஒதுக்கினால் எத்தனை வயிறு நிறையும். நம் வவுணதீவில் அவ்வளவு பேர்தான் வாழலாம் என்று முடிவு சொன்னேன். விதைநெல் விடயத்தில் இன்றும் அசையமாட்டேன்.

அடுத்த ஆட்டத்தில் நீ அக்கரையிலிருக்கும் கல்லடிச் சனத்தைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து வந்தாய்.

"இடமில்லை. திருப்பி அனுப்பு" என்றேன்.

"கரையில நிக்கிற புள்ளைகளையுமா?"

"விதைநெல்லைத் திண்டா அடுத்த போகம் எல்லாரும் சாவம்."

நீ பகடையைத் தொடவில்லை. "முகாம் வாசல்ல நம்மளத் திருப்பி அனுப்பின ஐயாவும் இப்பிடித்தான் மச்சான் சொன்னவர். ஆள் கூடிப்போச்சாம்."

ஆட வந்திருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். இடம்பெயர்ந்த நாளில் அந்த அகதி முகாம் வாசலில் உன்னோடு மழையில் நின்றவன் நான். என்னை அந்த ஆளோடு சேர்த்ததை மன்னிக்கவில்லை. நீ செத்துப்போனாய் என்பதற்காக மன்னிக்கவும் போவதில்லை. தோணிகள் திரும்பிப்போயின. ஆட்டமும் அதோடு நின்றது. பிறகு உனக்கு உயிரைக் கொண்டுபோன அந்த வருத்தம் வந்தது.

சுண்டைக் கழுவி வைத்துவிட்டு அந்தக் கணிப்பை மறுபடி எடுத்தேன். நீ இரக்கத்தைக் காட்டி வாதாடினாய். அது என்னிடம் எடுபடாது என்று உனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்க வேண்டியது வேறு. கல்லடிச் சனம் மீன்பிடிக்கிற சனம், வெறுங்கையோடு வராது, வலையோடு வரும். வாவி மீனும் கருவாடும் அறுவடை வரைக்கும் தாங்கினால் விதைநெல்லில் யாரும் கைவைக்கத் தேவையில்லை. எருமை போதாத வயலில் மண்வெட்டி பிடிக்கவும் ஆள் கிடைக்கும். தோணியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. பிழையில் பாதி உன்னுடையது.

சனிக்கிழமை என் வீட்டில் புதிய கூட்டமொன்று ஆட வருகிறது. கல்லடித் தோணிகள் முதல் ஆட்டத்திலேயே கரை சேரும். விதைநெல் மூட்டை கட்டியபடியே இருக்கும். பகடை உன் சுண்டுக்குள்தான் குலுங்கும். சனம் கூடிப்போச்சு என்று எவனாவது வாய் திறந்தால் என்னிடம் பதில் இருக்கிறது:

"எத்தனை வலை கொண்டு வந்திரிக்காங்க எண்டு முதல்ல கேள்."