'கொடுத்தாச்சு' பட்டனிடம் ஒரு விசாரணை

மார்ச் 3

என் ஊமைக்கோட்டான் தம்பிக்கு,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்து, "எத்தனை தடவை கூப்பிடறது, காது என்ன செவிடா?" என்று கத்திவிட்டேன். எதிரே நின்ற வாத்தியார் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, தேய்த்த சட்டையை வாங்காமலே போய்விட்டார்.

விஷயம் இதுதான். நம் சலவைக் கடைக்கு நீ எழுதித் தந்த புரோகிராமில், துணியைக் கொடுத்ததும் தட்ட வேண்டிய 'கொடுத்தாச்சு' பட்டன் அசைய மாட்டேன் என்கிறது. பார்க்கப் பச்சைப்பசேலென்று நன்றாகத்தான் இருக்கிறது, என்னைக் கட்டிக்கொண்ட உன் மாமா மாதிரி. கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை, அதுவும் உன் மாமா மாதிரி. கண் தெரியவில்லை என்று நான் புலம்பி, திரையில் வரும் பெயரின் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தாயே, அதுவரை ஒழுங்காக இருந்தது.

சனிக்கிழமை அந்தப் பெரிய சலவைக் கம்பெனி முதலாளி இதை நம் கடையில் வந்து பார்க்கிறார். பிடித்துப்போனால் உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று நீதான் எழுதினாய். கையில் நல்ல வேலை இருக்கிறவனுக்கு இன்னொரு வேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் முன்னால் இது முறைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வேன்?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "ம்". அதனால்தான் மெயில். சாப்பிட்டாயா?

குத்திக் குத்தி விரல் வலிக்கும்
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன்.

அந்தப் பட்டனை நான் செய்யவில்லை. ரெடிமேடாக எடுத்துப் போட்டேன். செய்தவர் விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வெளியே நின்று ஊகிப்பதைவிட அதையே கேட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள்ளிருந்தே, "நீ யார், உன்னிடம் என்னென்ன இருக்கிறது?" என்று ஒவ்வொன்றையும் கேட்க வழி உண்டு. அதன் அகலம், நிறம், இடம், வேலை செய்யுமா செய்யாதா, எல்லாவற்றையும் அதுவே ஒப்பிக்கும்.

இன்று அனுப்பிய புது புரோகிராமில் கீழ் மூலையில் 'விசாரி' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டு 'கொடுத்தாச்சு'வைத் தொடு. வருவதை அப்படியே எழுது. அப்படியே, அக்கா. உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

தம்பி


மார்ச் 5

தம்பி,

உன் விசாரணைக்கும் மூளை கலங்கிவிட்டது. நான் தொட்டது பட்டனை. பதில் சொன்னது வேறு யாரோ. சரக்குச் சேர்க்காமல் எழுதுகிறேன்:

வகை: பெயர்ப்பட்டி. எழுத்து: வாடிக்கையாளர் பெயர். பின்னணி நிறம்: இல்லை. அகலம்: முழுத்திரை.

தள்ளித் தள்ளித் தொட்டேன். பட்டன்மேல் எங்கே தொட்டாலும் இதே ஆள்தான் "நான், நான்" என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். நீ எழுதின பொருள் தொட்டதும் இப்படி வாய் திறக்கிறது, எழுதினவன் ஏன் திறப்பதில்லை? உன்னையும் தொட்டுவிட்டேன், சொல். வேலை? தூக்கம்? உடம்பு? அழுகிற மாதிரி எழுதினால் அங்கே வந்து உதைப்பேன்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

பிடித்துவிட்டேன்! படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பட்டன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கியபோது, பெயரைத் தாங்கும் கட்டமான பெயர்ப்பட்டியும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. அதற்கு நிறம் இல்லாததால் பட்டனுக்கு மேலே கண்ணாடி மாதிரி படுத்துக்கொண்டு, உன் விரலைத் தானே வாங்கிக்கொண்டது. அதைக் கேட்டிராவிட்டால் நான் பட்டனையே பிரித்துக்கொண்டிருப்பேன். பட்டியைச் சுருக்கி அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டது:

வேலை: இல்லை. மழைக்காலத்திலேயே எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். தூக்கம்: விட்டுவிட்டு. உடம்பு: நன்றாக இருக்கிறது. போன் எடுக்காத காரணம்: உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அறை வாடகைக்கு அந்த முதலாளி தரப்போகும் வேலையைத்தான் நம்பியிருக்கிறேன்.

அழவில்லை.

தம்பி


மார்ச் 8

என் செல்லத் தம்பிக்கு,

வேலை போனது எனக்குத் தெரியும்டா. வேலையில் இருக்கிறவன் அக்கா கடைப் பட்டனுக்கு மறுநாளே பதில் எழுதுவானா? எனக்குப் பயமெல்லாம் உடம்பைப் பற்றித்தான். அது நன்றாக இருக்கிறது என்று படித்ததும் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மற்றதெல்லாம் பிறகு.

பட்டன் இப்போது தொட்டதும் துள்ளுகிறது. சின்ன வயதில் ஒரே பாயில் கையைக் காலைப் பரப்பி என்னைத் தரைக்குத் தள்ளுவாயே, உன் பெயர்ப்பட்டியும் உன்னை மாதிரிதான் படுத்திருந்திருக்கிறது.

நேற்று முதலாளி வந்தார். சிரிக்கவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் மாதிரி ஒரு முகம். வந்ததும் தன் கோட்டைக் கழற்றி, "இதை வச்சே பார்த்துடலாம்" என்றார். பெயர் ஏற்றினேன், மாமா தேய்த்து மாட்டினார், 'கொடுத்தாச்சு'வை அவரே தட்டினார். டிங்! எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் அவர் கண்ணில் 'விசாரி' பட்டது. அதை எடுத்துவிடும்படி உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேனா, மறைக்கவும் முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். தான் யார் என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னது. முகம் மெதுவாக இளகியது.

"இது யார் யோசனை?"

"என் தம்பியோடது. அவன் பேசமாட்டான், மத்ததையெல்லாம் பேச வைப்பான்."

"எங்க கடைல ஏதாவது நின்னா ஏன்னு யாருக்கும் தெரியறதில்லை. அவரைத் திங்கட்கிழமை சேரச் சொல்லுங்க. அவர் இருக்கிற ஊர்லேர்ந்தே செய்யட்டும்."

ஆக, வேலை: இருக்கு. தூக்கம்: இனிமேல் ஒழுங்காக வர வேண்டும். ராத்திரி போன் செய்வேன், எடு. "ம்" சொன்னாலும் பரவாயில்லை, அழுதாலும் உதைக்க மாட்டேன்.

அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் சட்டை வாங்க வந்தார். மாமா சட்டைக்குப் பதில் முதலாளியின் கோட்டை எடுத்து வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். முதலாளி மாமாவின் ஸ்வெட்டரில் வீட்டுக்குப் போனார். திரையில் கோட்டுக்கு நேரே 'கொடுத்தாச்சு' என்று சரியாகக் காட்டுகிறது.

அக்கா