இடது பக்கப் பின்கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்தோடு தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினம் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடுதாசிப் பித்து என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மூன்று நாளாகப் போனில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன், திரையில் உன் முகம் வந்ததும் அங்கே குளிர் எப்படி, மழை உண்டா என்று விசாரித்துவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று நீ கேட்டாய், தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பத்திரம் வரும், என் கடிதத்தைப் படிக்கும்வரை அதில் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன் இல்லையா, அதன் காரணம்தான் இது.

முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இந்த மாதமும் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது, தலைக்கு மேல் வேலை. சாப்பாட்டு மேசை முழுக்கப் பச்சைத் துணி, நாங்கள் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். புதுக் கத்தரிக்கோல் வாங்கியிருக்கிறாள், அதை நான் தொட்டால் கொலைக்குற்றம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேனே, ஆளைக் கூப்பிடாமல் நானே சரிசெய்துவிட்டேன், முன்பு சொட்டியது இப்போது ஓடுகிறது என்கிறாள் உன் அம்மா. கண் நன்றாக இருக்கிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போனேன், பலகையில் கடைசி வரிவரை படித்தேன், டாக்டரே தோளில் தட்டினார். கண்ணைச் சொன்னதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன் பார், எல்லாம் அந்தக் கண்ணில்தான் ஆரம்பித்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ என்னிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டாய். ஆறு வாரம் வேனைத் தொடக்கூடாது, துணி கொண்டுபோக வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள், செலவு என்னுடையது என்றாய். நானும் பெரிய மனுஷன்போல் சரி என்றேன். மூன்றாவது வாரம் வாடகை வண்டிக்காரர் வரத் தாமதமாயிற்று, அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள், நான்கு தெருதானே என்று சாவியை எடுத்துவிட்டேன். அம்மா தடுத்தாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு தெருகூடப் போகவில்லை பாப்பா. பின்னால் எடுக்கும்போது நம் வீட்டு கேட்டுத் தூணிலேயே இடது பக்கப் பின்கதவைக் கொண்டுபோய்ச் சாத்தினேன். ஒரு முழம் நீளத்துக்கு நசுங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அங்கேயே நிற்கிற தூண், அது நகர்ந்து வந்ததா என்று அம்மா கேட்டாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சி வாயை அடைத்தேன். நீ வீடியோவில் வேனைக் காட்டச் சொன்னபோதெல்லாம் வலது பக்கமாகவே நின்று காட்டினேன்.

அப்புறம் டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வேலைக்கு வருகிற வண்டிகளைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறவர் ஒரு மெக்கானிக், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எல்லாரும் அவரைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி உள்ளே வந்ததும் ஜாப் கார்டு என்று ஒரு அட்டை எடுப்பார், அதில் வண்டியின் படம் அச்சடித்திருக்கும், சுற்றி வந்து எங்கெங்கே கீறல், எங்கெங்கே நசுங்கல் என்று படத்தில் கோடு போட்டுக் குறிப்பார், வண்டி எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதன் நகல் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்குப் போகும். அதாவது உனக்கு. அவர் இடது பக்கம் வந்து குனிந்து பென்சிலை வைக்கப் போனதும் குறுக்கே போய் நின்றேன். அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரு கோடுதானே சார், விட்டுடறேன், எங்கப்பாவும் இப்படித்தான், எனக்குத் தெரியாம வண்டிய எடுத்துட்டுப் போயி ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்ப நிறுத்தி வெச்சிருவாரு, பிரேக் முடிஞ்சதும் டிங்கர்கிட்ட சொல்லிக் கதவையும் நிமித்தித் தரேன், பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்றார். அட்டையில் இடது கதவு வெறுமையாகவே உன் போனுக்கு வந்தது. நான் உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். பிரேக் குழாயில் காற்று எடுக்கிற வேலை பாக்கி, பென்சில் கை கழுவப் போயிருக்கிறார், வேறொரு வண்டியை உள்ளே விட இடம் வேண்டும் என்று முதலாளியே நம் வேனில் ஏறி வெளியே எடுத்திருக்கிறார். வாசலில் சரிவு. மிதித்தால் பிரேக் தரையோடு போகிறது. நேராகப் போய் எதிர்க் கிடங்குச் சுவரில் மோதினார். தெருவில் ஆள் இல்லாதது நம் நல்ல காலம். பானெட், பம்பர், வலது ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போயிற்று. நான் போய்க் கேட்டால் மனுஷன் சுவரில் இருக்கிற பலகையைக் காட்டுகிறார், வண்டிகள் உரிமையாளர் பொறுப்பிலேயே விடப்படுகின்றன என்று எழுதியிருக்கிறது. முட்டி மோதியது அவர், பொறுப்பு நமக்காம். நீதான் அங்கிருந்தபடி அந்தக் கடிதத்தை எழுதினாய். பலகை மாட்டினால் பொறுப்பு போய்விடாது, உங்கள் கையில் ஒப்படைத்த வண்டியை வந்தபடி திருப்பித் தர வேண்டும், இத்தனை நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன் என்று எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு அழுத்தமாக எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் முதலாளி நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேரிடம் படித்துக் காட்டினேன் தெரியுமா, காய்கறிக்காரரைக்கூட விடவில்லை.

அந்தக் கடிதத்தில்தான் பாப்பா என் பொய்யும் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் நீ என்னைச் சேதத்தையெல்லாம் ஒன்று விடாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். முன்பக்கம் மூன்று படம் எடுத்தேன். சுற்றி வந்தேன். இடது கதவுக்கு வந்ததும், அம்மா பக்கத்தில்தான் நின்றாள், என்னங்க அது நம்ம தூணு என்றாள். சும்மா இரு என்று சொல்லி எடுத்துவிட்டேன். எப்படியும் அவர்கள் வண்டியை உடைத்தவர்கள்தானே, அதோடு இதுவும் போகட்டும், உனக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. நீ புத்திசாலி, உடனே கேட்டாய், முன்னாடி மோதினா பின்கதவு எப்படிப்பா நசுங்கும் என்று. வண்டி திரும்பிச் சுவரில் உரசியிருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ நம்பினாய். கடைசியாக அதையும் எழுதினாய், "வண்டி சுழன்று சுவரில் உரசியதால்" என்று. உன் எழுத்தில் அந்த வரியைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, மென்று விழுங்கிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்த அன்று நானும் போயிருந்தேன். முன்பக்கத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டார். கதவைப் பார்த்ததும், இது சுவத்துல மோதினதுல ஆனது இல்ல, இதுக்குக் கம்பெனி தராது என்றார். அப்புறம் ஜாப் கார்டைக் கேட்டார். கார்டுல கதவு சுத்தமா இருக்கு, அப்ப வண்டி உள்ள வந்த பிறகு உங்க இடத்துலதான் யாரோ இடிச்சிருக்காங்க என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி பென்சிலைக் கூப்பிட்டு, உள்ள வர்றப்ப கதவு நல்லா இருந்துச்சா என்று கேட்டார். பென்சில் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். சொல்லுவார் என்று நினைத்தேன், நானே சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன், வாயைத் திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்டுல இல்லேன்னா இல்லைதான் சார் என்றார் அவர். எனக்குக் கொடுத்த வார்த்தையை அவர் அங்கேயும் காப்பாற்றினார் பாப்பா. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இந்த வாரம் வேன் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். வேறு யாரோ பால்பாயின்ட் பேனாவில் ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் எங்கே என்றேன், பின்னால் கை காட்டினார். வண்டி கழுவுகிற இடத்தில் முழங்கால்வரை நனைந்து நிற்கிறார், கையில் தண்ணீர்க் குழாய், காதில் பென்சில் இல்லை. இருபது வருஷமாக வண்டி பிரித்துச் சேர்த்த மனிதர். கார்டு எழுதியவன் நீ, கதவுக்கும் நீதான் பொறுப்பு என்று முதலாளி எழுதி வாங்கிக்கொண்டாராம், கதவுச் செலவு அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம், இனிமேல் கார்டு எழுதவும் விடமாட்டார்களாம். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் குழாயை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி, கண்ணு எப்படி இருக்கு சார் இப்போ, என்பதுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நான் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேணாம் சார், பொண்ணு வருத்தப்படும் என்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று நேரே முதலாளி அறைக்குப் போய்க் கூனிக் குறுகி நின்று சொன்னேன், கதவு நான் இடித்தது, கார்டில் குறிக்க வேண்டாம் என்று கேட்டதும் நான்தான் என்று. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அப்ப மீதியாவது நிஜமா சார் என்றார். அப்புறம் அவரே, வண்டி உங்க பொண்ணு பேர்ல இருக்கு, லெட்டரும் அவங்க எழுதினது, நீங்க வாயால சொல்றது போதாது, அவங்களே எழுதிக் குடுக்கட்டும், அப்ப பாக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தேவைக்கு மேல் பேச்சு இல்லை. வேன் வந்ததும் அவளே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம், சாவி அவள் தையல் பெட்டிக்குள் போய்விட்டது.

ஆகையால் கதவையும் சேர்த்து நஷ்டஈட்டுக்கு ஒப்புக்கொள்வதாக அவர்கள் அனுப்புகிற அந்தப் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போடாதே. முன்பக்கம் உடைந்ததற்கு அவர்கள் தர வேண்டியதை விட்டுக்கொடுக்காதே, அது நியாயமாக நமக்கு வர வேண்டியது, கதவை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுது. கதவு சேர்ந்தது தவறுதலாக என்று எழுதிவிடாதே. என் மானத்தைக் காப்பாற்ற நீ அப்படித்தான் எழுதப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். என் அப்பா பொய் சொன்னார், அவர் கேட்டுக்கொண்டதால்தான் மெக்கானிக் கார்டில் குறிக்கவில்லை என்று பூசி மெழுகாமல் எழுது. உன் பேருக்குக் கீழே இப்படி ஒரு வரி எழுத வைத்ததற்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன். சின்ன வயசில் ஒரு தம்ளரை உடைத்தால்கூட நீயே வந்து சொல்லுவாய், எங்கிருந்து கற்றுக்கொண்டாயோ, என்னிடமிருந்து இல்லை என்பது இப்போது நிச்சயமாகிவிட்டது.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பென்சிலிடம் ஒரு வெற்று ஜாப் கார்டு கேட்டு வாங்கினேன், எதற்கு என்று கேட்காமல் சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சிலையும் எடுத்துக் கொடுத்தார். இடது கதவில் நான் போட்ட கோடுதான் தூண். பின் பம்பரில் இருப்பது முந்தின வருஷம் ஆஸ்பத்திரி வாசல் கம்பம், லாரிக்காரன் இடித்தான் என்று உன்னிடம் சொன்னேனே, அது. வலது கண்ணாடியும் என் கைங்கரியம்தான், அதற்கு ஆபரேஷனைச் சாக்குச் சொல்ல முடியாது, அப்போது அது ஆகவே இல்லை. வேறு ஒன்றும் இல்லை, இதில் எதையும் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துவலிக்குத் தட்டைத் தலையணை வாங்கச் சொன்னேன், வாங்கினாயா தெரியவில்லை. வெளியே போகும்போது அடுப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து அணை. நீ நன்றாக, நிறைவாக, யாருக்கும் தலைகுனியாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். என்மேல் கோபம் வரும், வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் காத்திருக்கிறேன். ஆனால் அவர் இன்னும் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். ஒர்க்‌ஷாப்புக்கு முதலில் எழுது, எனக்கு அப்புறம் எழுதலாம்.

இப்படிக்கு,
வாக்குத் தவறிய
உன் அப்பா