இரண்டு சொட்டு எண்ணெய்

அன்புள்ள அக்கா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். டியூட்டி முடிந்து நீ அசந்து தூங்கும்போது போன் போட்டு எழுப்பிய பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான். நந்தன். ஐந்து மாதம். இப்போது குழந்தைகள் ஐசியுவில், வாயில் குழாயோடு கிடக்கிறான். மெஷின்தான் அவனுக்கு மூச்சு கொடுக்கிறது. அப்படியொரு வார்டில் நர்ஸாக இருந்தவள் நீ, விளக்க வேண்டியதில்லை.

வெறும் சளி என்றுதான் நினைத்தோம். திடீரென்று விலா உள்ளே இழுத்தது, உதடு நீலமானது. ஆட்டோவில் ஓடினோம். பக்கத்து வீட்டு சரோஜாம்மாவும் ஏறிக்கொண்டார். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துப் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுவது அவர்தான்.

எமர்ஜென்சியில் டாக்டரம்மா, "பாலைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விடுவீங்களா?"

"டெய்லி விடுவேனே," என்றார் சரோஜாம்மா பெருமையாக. "ரெண்டே சொட்டு. சளியெல்லாம் தும்மி வந்துடும். உங்களுக்கும் உங்கம்மா விட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எண்ணெய் இருமலைக்கூட எழுப்பாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார். அந்த எண்ணெயைச் சூடு பண்ணிக் கொடுத்தவள் நான். பி.எஸ்சி. படித்தவள். அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையே, ஏன்?

"இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதீங்க!" என்று என் கணவர் கத்தினார். சரோஜாம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நுரையீரலைக் கழுவியிருக்கிறார்கள். நாளைக்குக் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாக மூச்சு விடாவிட்டால் மறுபடி போடுவார்களாம்.

மதியம் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டில் சரோஜாம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் இன்னொரு குழந்தை.

"நந்து எப்படிடா கண்ணு இருக்கான்?" என்று அழுதார்.

"இதுக்கும் விட்டீங்களா?"

"இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலியே கண்ணு. உன் புள்ளைக்கு நெஞ்சு வீக்கு."

அந்தக் குழந்தையின் அம்மா டவலோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பேசாமல் வந்துவிட்டேன். எதற்குப் பயந்தேன்? சரோஜாம்மாவின் அழுகைக்கா?

காலையில் என் கணவரை இங்கே காவலுக்கு வைத்துவிட்டு, அந்தக் குழந்தையைக் குளிக்க வைக்கும் முன்பே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன். சரோஜாம்மா எதிரிலேயே சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

அக்கா, குழாய் எடுத்ததும் பிள்ளை அழுதாலும் சத்தம் வராது என்கிறார்கள். அப்போது நான் பயப்படலாமா, கூடாதா? அதை மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கச்சி,
மீனா