கியர் எண்ணெய் இளகும்வரை

அன்புள்ள சீலன் அண்ணைக்கு,

நீங்கள் போனபிறகு வந்த முதல் குளிர்காலம் இது. உங்கள் கார் இன்னும் ஓடுது. இந்தப் பொண்டிப் புறநகரில் விடியக்காலமை கார்க் கண்ணாடியெல்லாம் உறைபனி. அண்ணி அதைச் சுரண்ட, நான் ஸ்டார்ட் பண்ணுவேன். அவ துப்புரவு வேலைக்குப் போகிற நேரத்தில் பஸ் இல்லை, நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். கியர்பெட்டி போனால் அவவின் வேலையும் போச்சு.

நீங்கள் சொன்னபடிதான் செய்கிறேன். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் பொறுப்பேன். பிரேக்கில் கால் வைத்து, ஓடுகிற 'டி' கியரைப் போட்டு, அது பிடித்தபிறகே காலை எடுப்பேன். "எண்ணெய் இறுகிக் கிடக்கும் தம்பி. நிண்டு சூடாகாது, மெல்ல ஓடித்தான் இளகும்." உங்கள் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ரூ லூயி-பிளாங் தெருவில் நாம் வேலைசெய்த சாப்பாட்டுக்கடை முதலாளி மாறவே இல்லை. வன்னியில் டிராக்டர் ஓட்டின ஆள். எந்த எஞ்சினையும் முறுக்கினால் சரி என்ற நினைப்பு. நேற்று நான் சோத்துச் சட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்துவதற்குள் சாரதி இருக்கையில் ஏறிவிட்டார். விறைத்துக் கிடந்த காரை நியூட்ரலில் கத்தவிட்டு, அப்படியே 'டி'க்குத் தட்டினார். டொக்! எட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினேன்.

"டேய், பிறந்தநாள் வீட்டில சனம் பசியோட நிக்குது!"

"இது அண்ணியின்ர கார். கியர் உடைஞ்சா நீங்களே அவவை வேலைக்குக் காவிக்கொண்டு போகப்போறியள்?"

"கார் என்ன மனிசனே, குளிர?"

"மனிசனெண்டா காய்ச்சலோடயே அனுப்பியிருப்பியள்."

அவர் இறங்கினார். "ஆளில்லை, இண்டைக்கு மட்டும் சமாளி" என்று காய்ச்சலோடு கிடந்த உங்களைச் சாப்பாடு கொண்டுபோக அனுப்பியதும் இதே வாய்தான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெஞ்செல்லாம் சளி கட்டியிருந்தது. சவப்பெட்டியில் மிகப் பெரிய மாலை அவருடையது.

காரை மெல்ல ஓட்டிச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கியர் மாறும்போது சின்னத் தயக்கம் ஒன்று இருக்கிறது, எண்ணெயைப் பார்க்கவேண்டும். நாளைக்கு எனக்கு அங்கே வேலை இருக்குமோ தெரியாது.

ஒன்று கேட்கட்டா அண்ணை? ஒரு கியர்பெட்டிக்காக அவ்வளவு பொறுத்த நீங்கள், உங்களுக்காக ஏன் ஒரு நாள் பொறுக்கவில்லை?

இந்தக் குளிரை உங்கள் கார் தாண்டும். அண்ணிக்கும் ஓட்டப் பழக்குவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால், எவன் கத்தினாலும் படுத்திருப்பேன். இது சத்தியம்.

உங்கள் பக்கத்து இருக்கையில் வளர்ந்த தம்பி,
ரூபன்