குளியலறைக் கைப்பிடி

அப்பா,

குளியலறைச் சுவரில் உங்களுக்குக் கைப்பிடி மாட்டிவிட்டேன். டிரில்லை அழுத்தியதில் முதலில் ஒரு டைல் உடைந்தது. "அவசரக்குடுக்கை, அழுத்தாதடா, அதுவே போகும்" என்று நீங்கள் பக்கத்தில் நின்று திட்டுவதுபோலக் காதில் கேட்டது. மெதுவாகத் துளைத்தேன். இப்போது நான் தொங்கினாலும் அசையவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்களை நிறுத்தியபோதுதான் தெரிந்தது, உங்கள் பழைய உயரத்துக்கு மாட்டியிருக்கிறேன். பக்கவாதம் உங்களை அவ்வளவு வளைத்துவிட்டது. இரண்டடி வைத்ததும், "போதும்டா, இனி நடந்து யாருக்கு என்ன ஆகணும்?" என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து கைப்பிடியைக் கழற்றி, ஒரு சாண் கீழே மாட்டினேன். மேலே இருக்கும் பழைய ஓட்டைகளை அடைக்கவில்லை. நீங்கள் நிமிர்ந்ததும் மறுபடி அங்கேதான் மாட்டவேண்டும்.

நாளைக்கு மூன்றாவது அடி வையுங்கள். எனக்கு அவசரமில்லை.

உங்கள்
அவசரக்குடுக்கை