வாடகை ஒரு மிளகு

என் ராஜாவுக்கு,

நேற்று உங்கப்பா ஹாலிஃபாக்ஸின் பழைய கம்பளி ஆலையைக் குடியிருப்பாக மாற்றித் திறந்து வைத்தார். மேயரே வந்திருந்தார். கூரைக்கு ஓடு போட ஏணி ஏறிய மனுஷன், இன்று பாதி ஊருக்குச் சொந்தக்காரர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் உனக்காகப் பிடித்துவைத்த நாற்காலியில் என் கோட்டைப் போட்டுவைத்தேன்.

அப்புறம் ஒரு விஷயம். நாங்கள் முதன்முதலில் வாங்கிய வீட்டை உனக்குக் குத்தகைக்கு எழுதச் சொன்னார் உங்கப்பா. வக்கீல் அக்ராய்ட், "சும்மா குடுக்கறதுன்னாலும் சட்டத்துக்கு ஏதாவது வாடகை காட்டணும். அதுக்கு வருஷ வாடகை ஒரு மிளகுன்னு எழுதறது வழக்கம். யாரும் நிஜமா கொண்டுவந்து குடுக்கறதில்ல" என்றார்.

"இவன் குடுக்கணும். வருஷா வருஷம் நேர்ல வந்து, என் கையில" என்றார் உங்கப்பா.

அக்ராய்ட் சிரித்துவிட்டார். "மிளகை வச்சு என்ன பண்ணப்போறீங்க, வில்ஃப்?"

"எனக்கு வாடகை வசூல் பண்ண மட்டுந்தான் தெரியும்னு சொல்லிட்டுத்தானே போனான்? இவன்கிட்டயும் வசூல் பண்றேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிளகுக்காகக் கடைக்கு அலையாதே. நீ வந்தால் போதும், வாசலிலேயே உன் கையில் ஒன்றைத் திணித்துவிடுகிறேன்.

உன் அம்மா